படியில் விழுந்த விரிசல்

சென்ற சித்திரையில் எங்கள் குலதெய்வக் கோயில் கொடைக்காக அமெரிக்காவிலிருந்து வந்த அத்தான், வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து வள்ளியூரில் இருக்கும் வீட்டுக்குப் போகாமல், நேராகப் பேட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். காரிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த இரண்டு இரும்புப் படிகளை எடுத்து வேலைமேசை மீது வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம்கூட இல்லை. ஒரு முனையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு, அதிலிருந்து சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து வெளியே நீளும் ஓர் அங்குலக் குழாய், குழாயின் மறுமுனையில் கால் வைக்க ஒரு சிறிய மிதி.

"மாப்ளே, இடது படியில கிராக் விட்டுருக்கு. வலது நல்லாத்தான் இருக்கு, சோடியா இருக்கட்டுமேன்னு ரெண்டையும் கொண்டாந்தேன். வெல்டிங் வைக்கதுக்கு முன்னால நீ ஒரு தடவ பாத்துச் சொல்லு" என்றார்.

அத்தான் அங்கே தன் வீட்டு கராஜில் ஏழு வருடம் உழைத்துக் கட்டிய இரண்டு இருக்கை விமானத்தின் படிகள் அவை. தாழ்ந்த இறக்கை கொண்ட அலுமினிய விமானம். இறக்கையின் பின்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், உடற்பகுதியின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு படி துருத்திக்கொண்டிருக்கும். அதில் ஒரு காலை ஊன்றி இறக்கை மீது ஏறி, அங்கிருந்து இருக்கைக்குள் இறங்க வேண்டும். இறங்கும்போது இதே வழி தலைகீழாக. பறப்பதற்கு இந்தப் படி எவ்விதத்திலும் உதவுவதில்லை. அதனாலேயே இதைப் பார்த்துப் பராமரிக்கும் எண்ணம் பலருக்கு வருவதில்லை.

வீட்டிலேயே விமானம் கட்டுவது அமெரிக்காவில் பல்லாண்டுகளாக நடந்துவரும் முறையான காரியம். 1953இல் பால் போபெரெஸ்னி தொடங்கிய சோதனை விமானச் சங்கம் இன்று உலகம் முழுவதும் இவர்களை இணைக்கிறது. சட்டம் கேட்பது, கட்டுமானத்தின் பெரும்பகுதியைச் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாங்களே செய்திருக்க வேண்டும் என்பதுதான். இதையே அவர்கள் 51 சதவீத விதி என்று பேச்சில் சொல்கிறார்கள். கட்டியவர் அதற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டால், 12 மாதங்களுக்கு ஒருமுறை கட்டாயமாகச் செய்ய வேண்டிய பரிசோதனையையும் அவரே செய்து கையெழுத்திடலாம். பழுது பார்க்கும் பொறுப்பும் அவருடையதே. ஆகவே அந்தப் படியைப் பேட்டையில் வைத்துச் சரிசெய்வதில் சட்டத் தடை எதுவும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடப்போகிறவர் அத்தான், அதில் ஏறப்போவது அவரும் என் அக்காவும். அதனால் வழக்கமாக ஒரு வேலைக்குக் கொடுக்கும் கவனத்தைவிட இரண்டு மடங்கு கவனம் கொடுக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

நான் பேட்டை ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் படித்தவன். அதற்கு முன்பே அப்பாவின் பட்டறையில், பஸ் பாடி வேலையில், கண்ணாடி பிடித்துப் பழகியிருந்தேன். டவுண் பஸ்ஸின் பின்படிக்கட்டுதான் எங்களுக்கு வந்த வேலைகளில் பாதி. காலையில் ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் படியின் வெளி விளிம்பில்தான் நிற்பார்கள். அவ்வளவு பாரமும் படியைத் தாங்கும் பிராக்கெட்டின் அடியில் வந்து விழும். ஒரு பஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே பிராக்கெட்டில் கிராக்கோடு வந்தது. மூன்றாவது தடவை நான் கிராக்கின் மேல் ராடைப் பிடிக்கப் போனபோது அப்பா கையைத் தட்டிவிட்டார். "ஏலே, கிராக்க அடைக்கது வேலையில்ல. அது எங்கன இருந்து கெளம்புச்சுன்னு பாரு." குனிந்து பார்த்தேன். பலத்துக்காக முன்பு யாரோ வைத்திருந்த முக்கோணத் தகடு சட்டென்று முடிகிற மூலையிலிருந்தே ஒவ்வொரு முறையும் விரிசல் கிளம்பியிருந்தது. அப்பா அந்தத் தகட்டை வெட்டியெடுத்து, முனை மெல்ல இளைத்து முடியும்படி வளைவாக ஒன்று வெட்டி வைத்தார். அதன் பிறகு அந்தப் படி வெல்டிங்குக்கு வரவில்லை. "இரும்பு அலுத்துப்போச்சு" என்று அப்பா சொல்வதைத்தான் பொறியியல் நூல்கள் உலோகச் சோர்வு என்று எழுதுகின்றன. ஒரே பாரத்தில் முறியாத இரும்பு, அதைவிட மிகக் குறைந்த பாரத்தை லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கும்போது முறிந்துவிடுகிறது. ரயில் அச்சுகளை வைத்து ஜெர்மனியின் அவுகுஸ்ட் வோலர் இதை முறையாக அளந்து காட்டியது 19ஆம் நூற்றாண்டிலேயே.

அத்தானின் படிகளில் பவுடர் கோட்டிங் இருந்தது. விமானத்தைக் கழுவும்போது இடது படியில், தகடும் குழாயும் சேருமிடத்தில், தலைமுடி போல ஒரு கோடும் அதைச் சுற்றிப் பழுப்புக் கறையும் இருந்ததைப் பார்த்துத்தான் அவர் சந்தேகப்பட்டிருக்கிறார். பவுடர் கோட்டிங் உறுதியானது, பார்வைக்கும் அழகானது. ஆனால் அது தடித்த பிளாஸ்டிக் தோல். உள்ளே இரும்பு பிளந்த பிறகும் அது சிறிது காலம் பிளக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே கோடு தெரிகிறதென்றால், உள்ளே விரிசலுக்கு வயது கூடிவிட்டது என்று பொருள்.

முதல் வேலை அந்தத் தோலை உரிப்பது. பட்டறைப் பையன் மணல் அடித்துவிடலாம் என்றான். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டால் பத்து நிமிட வேலை என்றும் சொன்னான். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. மணல் அடித்தால் மேற்பரப்பு உலோகம் நசுங்கி விரிசலின் வாயை மூடிவிடும். கம்பி பிரஷ்ஷும் உலோகத்தை இழுத்துப் பூசிவிடும். பிறகு எந்தச் சோதனை செய்தாலும் விரிசல் இல்லாதது போலவே தெரியும். பெயிண்ட் ரிமூவரைத் தடவிக் காத்திருந்து, மரச்சீவலால் சுரண்டி, மீண்டும் தடவி, ஒரு முழு மதியத்தை அதிலேயே செலவிட்டோம்.

அடுத்தது டி.பி. டெஸ்ட், சாயத்தை ஊறவைத்து விரிசலைக் கண்டுபிடிக்கும் சோதனை. காற்றாலைக் கோபுரங்களின் அடிப்பகுதி வெல்டிங்கில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டது. மூன்று டப்பாக்கள்: சுத்தம் செய்யும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். அப்பா காலத்தில் இதையே மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் கொண்டு செய்வார்கள். இரும்பின் மீது மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்புக் கரைசலைப் பூசினால், விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் வெள்ளையில் ஈரக் கோடாக ஊறி வரும். இப்போதைய சாயம் அதன் கூர்மையான வடிவம். சாயம் அடித்துப் பதினைந்து நிமிடம் விட்டேன். பிறகு துணியில் சிறிது திரவத்தை நனைத்துத் துடைத்தேன். இந்த இடத்தில்தான் பலர் பிழை செய்கிறார்கள். அவசரத்தில் திரவத்தைப் படி மீதே நேரடியாக அடிப்பார்கள், அது விரிசலுக்குள் இருக்கும் சாயத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். துடைத்த பின் டெவலப்பரை மெல்லிய பனி போல அடித்தேன். சில விநாடி எதுவும் இல்லை. பிறகு இடது படியில், குழாயின் மேற்பக்கத்தில், வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டி ஒரு சிவப்பு நூல் எழுந்தது. அது இரு பக்கமும் நீண்டு, கண்ணெதிரே தடித்து, குழாயின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கை வளைத்துக்கொண்டது. அத்தான் கண்ணால் பார்த்திருந்த கோடு அதில் பாதிதான்.

"நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சொன்ன வலது படியையும் அதேபோல் செய்தேன். அதில் மேற்பக்கத்தில் நகத்தளவு ஒரு சிவப்புக் கோடு வந்தது; திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்திலும் அதற்கு நேரெதிரே ஒன்று. அத்தான் வெகுநேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு படிகளும் ஒரே வடிவம், ஒரே இரும்பு, ஒரே வெல்டிங், ஒரே விமானத்தில் ஒரே அளவு பறந்தவை. ஆனால் விரிசல் ஒன்றுபோல் இல்லை. இடது படியில் மேற்பக்கம் மட்டும், நீளமாக. வலது படியில் மேலும் கீழும், சிறிதாக. இதைப் பார்க்காமல் இரண்டையும் அரைத்து ராடால் நிரப்பிக் கொடுத்திருந்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்; அடுத்த சித்திரைக்கு அவர் அதே பெட்டியோடு வந்திருப்பார்.

சுவரில் ஆணியடித்த பலகை போல ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்ட குழாயின் வெளிமுனையில் கால் வைத்தால், குழாயின் மேற்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் அமுங்கும். அமுங்கும் இடத்தில் விரிசல் பொதுவாகக் கிளம்புவதில்லை. இழுபடும் இடத்தில்தான் கிளம்பும். 80 கிலோ ஆள் 25 சென்டிமீட்டர் தள்ளி மிதித்தால், குழாய் தகட்டோடு சேரும் அடியில் விழும் வளைப்பு 2,000 கிலோ-சென்டிமீட்டர். இறக்கையிலிருந்து இறங்கும்போது பின்னங்காலைத் தேடி வைத்துச் சட்டென்று உடம்பின் பாரத்தை விட்டுவிட்டால், அந்தக் கணத்தில் இது ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஓர் அங்குல வெளிவிட்டமும் 1.65 மில்லிமீட்டர் சுவர்க் கனமும் கொண்ட குழாய்க்கு இது சிறிய சுமை அல்ல. இடது பக்கம் விமானியின் பக்கம். அத்தான் ஒவ்வொரு நாளும் நாலைந்து தடவை அந்தப் படியில் ஏறி இறங்குகிறவர். ஆகவே இடது படியின் விரிசல் காலால் வந்தது. அது எனக்கு உடனே புரிந்தது.

வலது படியை அக்கா மட்டும், மாதத்தில் இரண்டோ மூன்றோ முறை மிதிப்பார். அதில் அடிப்பக்கமும் விரிந்திருக்கிறதென்றால், யாரோ படியைக் கீழிருந்து மேலே தள்ளியிருக்க வேண்டும். அப்படித் தள்ளக்கூடியது காற்று ஒன்றுதான்.

எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் கயத்தாறு பக்கம் போனால் மின்கம்பிகள் ரீங்கரிப்பது கேட்கும். உருண்டையான எதன் குறுக்கே காற்று ஓடினாலும், அதன் பின்னால் மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழல்கள் பிரியும். ஒவ்வொரு சுழலும் பிரியும்போது கம்பியை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை தட்டிவிட்டுப் போகும். உயர் அழுத்தக் கம்பிகளில், கோபுரத்துக்குப் பக்கத்தில், கர்லாக்கட்டை போல இரண்டு முனையிலும் குண்டு வைத்த ஒரு சிறு இரும்பு தொங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது ஸ்டாக்பிரிட்ஜ் டாம்பர் என்ற அதிர்வு தணிப்பான். அது இல்லாவிட்டால் கம்பி பிடிக்கப்பட்ட இடத்தில் இழை இழையாக அறுந்துவிடும்.

அதே கணக்கைப் படிக்குப் போட்டுப் பார்த்தேன். சுழல் பிரியும் வேகத்துக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு: காற்றின் வேகத்தைக் குழாயின் விட்டத்தால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் போதும். மணிக்கு 250 கிலோமீட்டரில் பறக்கும்போது, ஓர் அங்குலக் குழாய்க்கு அது விநாடிக்கு ஏறத்தாழ 550 தட்டுகள். ஒரு மணி நேரப் பறப்பில் சுமார் 20 லட்சம். இவற்றோடு, நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 80 முறை வெடிக்கிறது. அந்த அதிர்வும் உடற்பகுதி வழியாகப் படிக்கு வருகிறது. ஒவ்வொரு தட்டும் மிகச் சிறியதுதான். அக்காவின் கால் மாதத்துக்கு மூன்று முறை செய்வதை விட, எண்ணிக்கையால் இது எங்கோ போய்விடுகிறது.

ஆனால் அப்படியானால் இடது படியிலும் அடிப்பக்கம் விரிந்திருக்க வேண்டுமே என்ற கேள்வி என்னை விடவில்லை. "அத்தான், ரெண்டு படியும் விமானத்துல ஒரே மாதிரிதான் இருந்துச்சா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார். குழாயின் மேல் மாட்ட ஃபைபர் கிளாஸில் மீன் உடல் போன்ற ஓர் உறை உண்டு. வலது பக்கத்து உறை இரண்டு வருடத்துக்கு முன் உடைந்து விழுந்துவிட்டது. இன்னொன்று செய்து மாட்டலாம் என்று தள்ளிப் போட்டதில் இரண்டு பருவம் வெறும் குழாயோடு பறந்திருக்கிறது. காற்றின் தடையைக் குறைத்து ஓரிரு மைல் வேகம் கூட்டத்தான் அந்த உறை என்று அவர் நினைத்திருந்தார். குழாயின் பின்னால் சுழல் பிரியாமல் காற்றை ஒழுங்காகக் கொண்டு சேர்ப்பதும் அதே உறையின் வேலைதான்.

என் ஊகத்தை உறுதி செய்துகொள்ள விரும்பினேன். எப்படியும் இரண்டு படிகளின் அடியையும் வெட்டி எடுக்கத்தான் போகிறோம் என்பதால், இடது படியின் குழாயைத் தகட்டுக்கு அருகே அறுத்து, விரிசலைத் திறந்து முறித்து, முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். தாமிரபரணியில் குறுக்குத்துறை மண்டபத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் வடியும்போது ஈர மணலில் ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய வரிகள் விட்டுப்போகும். அதே வரிகள் அந்த ஒன்றரை மில்லிமீட்டர்க் கனத்துக்குள் இருந்தன. எல்லா வரிகளும் வெளித்தோலில், வெல்டிங்கின் ஓரத்தில் இருந்த ஒரு சிறு பள்ளத்தை நோக்கிக் குவிந்திருந்தன. வெல்டிங் செய்தவர் ஓரத்தில் உலோகத்தைச் சற்று அரித்துவிட்டு நிரப்பாமல் போயிருக்கிறார், அண்டர்கட் என்பார்கள். தொடங்கிய இடத்தில் முகம் உரசி வழவழப்பாகி, துரு ஏறிக் கறுத்திருந்தது. கடைசி முனையில் மட்டும் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று சொரசொரப்பாக இருந்தது. அது சற்று முன் நாங்கள் முறித்த பகுதி. அந்தக் கருமைக்கும் இந்தச் சாம்பலுக்கும் நடுவே எத்தனை மாதங்கள் இருக்கும் என்று அத்தான் கேட்டார். வரிகளை எண்ணிப் பார்த்தோம். கண்ணுக்கு எண்ண முடியவில்லை.

இனி செய்ய வேண்டியது என்ன என்பதில் எங்களுக்குள் ஒரு சிறு விவாதம் நடந்தது. விரிசலின் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு நிறுத்திவிட்டு மேலே வெல்டிங் வைத்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கூர்மையான நுனியை உருண்டையாக்கி வேகத்தைத் தடுப்பது அலுமினியத் தோலில் நல்ல வழக்கம்தான். அங்கும் அதன் மேல் ஒட்டுத்தகடு வைக்கும் வரைக்குமான அவகாசமே அது. உண்மையான நுனி கண்ணுக்குத் தெரியும் நுனியைத் தாண்டித்தான் இருக்கும். அதிக பாரம் விழும் குழாயின் அடியில், பழைய வெல்டிங்கின் ஓரத்தில், துளை போட்டு நிரப்புவதை நான் பழுது நீக்குவதாகவே எண்ணவில்லை. அமெரிக்க விமானத் துறை 1998இல் வெளியிட்ட ஏ.சி. 43.13-1பி என்ற கையேடு, மறுபடி வெல்டிங் வைக்க வேண்டுமானால் பழைய வெல்டிங் உலோகத்தை முழுவதும் அகற்றிவிட வேண்டும் என்கிறது. இதைத்தான் அப்பாவும் சொல்வார். இரண்டு படிகளிலும் அடியை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் வைப்பது என்று முடிவு செய்தோம்.

குழாய் 4130 என்ற எஃகு. குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது, சைக்கிள் பந்தயக்காரர்கள் குரோமோலி என்று சொல்வது. அத்தான் அதே அளவில் இரண்டு துண்டும், அதன் மேல் சரியாக வழுக்கிக்கொண்டு ஏறும் ஒன்றே அரைக்கால் (1 1/8) அங்குல வெளிவிட்டம் கொண்ட இன்னொரு குழாயும் கொண்டு வந்திருந்தார். விமானக் குழாய்களின் அளவு முறையில் ஒரு வசதி உண்டு: 0.058 அங்குலச் சுவர் கொண்ட குழாய், தன்னைவிட அரைக்கால் அங்குலம் சிறிய குழாயை இடைவெளி அதிகமில்லாமல் உள்ளே ஏற்கும். அந்தப் பெரிய குழாயில் 10 சென்டிமீட்டர் வெட்டி, அடியில் உறையாகப் போட்டோம். கணக்குப்படி அடியில் வளைப்பைத் தாங்கும் திறன் இரண்டு மடங்காகிறது. கூடும் எடை ஒரு படிக்கு 100 கிராம். உறை முடியும் இடத்தில் வளைப்பு 1,200 கிலோ-சென்டிமீட்டராகக் குறைந்திருப்பதால் அங்கே ஒற்றைக் குழாய் போதும். ஆனால் உறையை நேராக வெட்டி முடித்தால், பஸ் பிராக்கெட்டில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். அதனால் அதன் வெளிமுனையை மீன்வாய் போலப் பிளந்து, கூர்மையாக இளைத்து முடியும்படி அரத்தால் ராவினேன். அப்போது வெல்டிங் குழாயைச் சுற்றி ஒரே வளையமாக ஓடாமல் சாய்ந்து ஓடும். பாரம் ஒரு கோட்டில் விழாமல் சிறிது சிறிதாகக் கைமாறும். அந்த வாயை ராவும்போது அப்பாவின் வளைந்த தகடு நினைவில் இருந்துகொண்டே இருந்தது.

உண்மையான படியில் கை வைக்கும் முன், மீந்த துண்டுகளை ஒட்டி ஒரு மாதிரி செய்து, வைஸில் பிடித்து, நீளக் குழாய் மாட்டி முறியும்வரை வளைத்தோம். வெல்டிங் நின்றது, அதற்கு அப்பால் குழாய்தான் மடங்கியது. அதன் பிறகே தொடங்கினேன்.

ஆர்கான் வெல்டிங்தான். டங்ஸ்டன் முனை மின்சாரத்தின் மைனஸில், 1.6 மில்லிமீட்டர் ராடு, இ.ஆர். 70 எஸ்-2 ரகம். 4130க்கு அதே இரசாயனம் கொண்ட ராடு இருந்தாலும், மெல்லிய குழாயில் சற்று மென்மையான இந்த ரகம் நல்லது. ஒட்டு சிறிது விட்டுக்கொடுக்கும், பிளக்காது. கனம் ஆயிரத்தில் ஓர் அங்குலத்துக்கு ஓர் ஆம்பியர் என்ற கைக்கணக்கில், 1.65 மில்லிமீட்டர், அதாவது 0.065 அங்குலச் சுவருக்கு 65 வைத்து, காலால் குறைத்துக் கூட்டிக்கொண்டேன். அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நாள். மின்விசிறியை நிறுத்தி, ஷட்டரையும் இறக்கிவிட்டோம். சிறு காற்று அடித்தாலும் ஆர்கான் கலைந்து ஒட்டில் துளை விழும். நான்கு இடத்தில் டாக் அடித்து, அதாவது சிறு புள்ளியாக ஒட்டி நிறுத்தி, எதிரெதிர்க் கால்பங்குகளாக முடித்தேன். ஒரே ஓட்டத்தில் சுற்றினால் மிதி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முடிவிலும் மின்னோட்டத்தை மெல்ல இறக்கிக் குழியை நிரப்பிய பிறகே தீயை எடுத்தேன். ஓரத்தில் அண்டர்கட் இல்லை என்று ஒவ்வொரு கால்பங்குக்கும் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துக்கொண்டேன். குழாயின் அடிப்பக்கத்தில் முன்பே ஒரு சிறு துளை போட்டிருந்தேன். இரண்டு பக்கமும் அடைபட்ட குழாயில் உள்காற்று சூடேறி விரிந்தால், கடைசிச் சொட்டை ஊதித் துளையாக்கிவிடும்.

முதல் படியை இறக்கி வைத்ததும், பையன் வழக்கம்போல ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். "ஏலே, தண்ணி தொடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் அத்தானே திரும்பிப் பார்த்தார். ஜன்னல் கம்பிக்கு வைக்கும் சாதா இரும்பில் அது பெரிய தீங்கு செய்யாது. 4130 வேகமாகக் குளிர்ந்தால் கண்ணாடி போலக் கடினமாகி, பிறகு சிறு அதிர்ச்சியிலேயே விரிந்துவிடும். செங்கல் மேல் வைத்து, தானாக ஆறும்வரை அரை மணி நேரம் யாரும் அருகில் போகவில்லை. ஆறிய ஒட்டை அரத்தால் ராவி அழகுபடுத்தவும் இல்லை. அந்தக் கையேடும் அதைக் கூடாது என்கிறது, ஏனெனில் ராவுவது பலத்தைத்தான் ராவிக்கொண்டு போகும்.

மறுநாள் மறுபடியும் டி.பி. டெஸ்ட். பிறகு பட்டறையின் இரும்புத் தூணில் தகட்டை போல்ட் போட்டு இறுக்கி, மிதியில் கயிறு கட்டி, மூன்று சிமெண்ட் மூட்டைகளைத் தொங்கவிட்டோம். 150 கிலோ. இரவு முழுவதும் தொங்கியது. காலையில் மூட்டைகளை இறக்கியதும், வளைவை அளக்க வைத்திருந்த டயல் கேஜின் முள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. நூலளவும் நிரந்தர வளைவு இல்லை. இரண்டு படிக்கும் இதைச் செய்தோம். உள்ளே துருப் பிடிக்காமலிருக்க, சிறு துளை வழியாக ஊசியால் ஆளிவிதை எண்ணெயை ஏற்றி, குழாயை எல்லாப் பக்கமும் உருட்டி, மிச்சத்தை வடியவிட்டுத் துளையை அடைத்தோம். வெளியே பவுடர் கோட்டிங் வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். மெல்லிய வெள்ளை எபாக்சி போதும். வெள்ளையில் துருக் கோடு முதல் நாளே தெரியும்.

ஒரு விஷயம் பாக்கி இருந்தது, அது பட்டறையில் தீர்க்கக்கூடியது அல்ல. படி ஆடியிருந்தால், அது பிடிக்கப்பட்டிருந்த உடற்பகுதியும் ஆடியிருக்கும். அத்தான் படிகளைக் கழற்றுமுன் உள்ளே எடுத்திருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, தகட்டைப் பிடித்த ரிவெட்டுகளில் ஐந்தாறைச் சுற்றிக் கண்மை போலக் கருப்பு வளையம் இருந்தது. தளர்ந்த ரிவெட் துளைக்குள் உரசும்போது அலுமினியம் பொடியாகி வெளியே வரும் கருமை அது. அந்தத் துளைகளைப் பெரிதாக்கி ஓர் அளவு பெரிய ரிவெட் போட வேண்டும், தோலுக்கும் தகட்டுக்கும் நடுவே தோலைவிடக் கனமான 2024-டி3 என்ற ரக அலுமினியத்தில் ஓர் உள்தகடு வைக்க வேண்டும், எந்தத் துளையும் ஓரத்துக்கு ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்கைவிட நெருங்கக் கூடாது என்று பேசி, ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். வலது பக்க உறையை மாட்டாமல் ஒருமுறைகூடப் பறக்க வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதினேன்.

அவர் திரும்பிப் போய், உள்தகடு வைத்து, படிகளை மாட்டி, இரண்டு பக்கமும் உறை போட்டு, ஆவணியில் பறக்கத் தொடங்கினார். 25 மணி நேரம் பறந்த பிறகு டி.பி. டெஸ்ட் செய்து படங்கள் அனுப்பினார். ஒட்டுகள் நான்கிலும் டெவலப்பர் வெள்ளையாகவே இருந்தது. உள்பக்கப் படத்தில், இடது படியின் பின்வரிசையில் கடைசி ரிவெட்டைச் சுற்றி மிக மெல்லிய ஒரு கருமை இருப்பதாக எனக்குத் தோன்றியது. அது ரிவெட் போட்டபோது பட்ட அழுக்காகவும் இருக்கலாம். அதைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் அல்ல, மார்க்கரால் தேதி எழுதி வைத்து, பத்து மணி நேரம் பறந்ததும் மறுபடி படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அலுமினியத்தில் பென்சில் கூடாது. அதன் கரித்தூள் பட்ட இடம் அரித்துப்போகும்.